'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் இந்தப் பாட்டை யாருக்காவது போட்டுக் காட்டினால் போதும், அடுத்த நாளே கேள்விகள் வந்துவிடும். சிலவற்றுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றை எடுத்தால் ராத்திரி முழுக்கப் பேச வேண்டியிருக்கும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

இது எந்த ஆல்பம், எந்த வருஷம், வாசிச்சவங்க யார் யார்? முதல்ல அதைச் சொல்லுங்க.

ஆல்பத்தின் பெயர் 'விஷ் யூ வேர் ஹியர்'. 1975 செப்டம்பரில் வெளிவந்தது. அதன் முதல் பாட்டுதான் இது. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கி ஜூலை வரை, நடுவில் இரண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணங்களுக்காக நிறுத்தி நிறுத்தி, பதிவு செய்தார்கள்.

ரோஜர் வாட்டர்ஸ் பேஸ் கிட்டார், டேவிட் கில்மோர் கிட்டார், ரிச்சர்ட் ரைட் கீபோர்டு, நிக் மேசன் டிரம்ஸ். இசை வாட்டர்ஸ், கில்மோர், ரைட் மூவருடையது. வரிகள் முழுக்க வாட்டர்ஸ் எழுதியவை. இதற்கு முந்தைய ஆல்பம் 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. அதன் வெற்றி இவர்களை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று நால்வருக்கும் புரியாமல் இருந்த காலத்தில் உருவான பாட்டு இது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

எட்டு நிமிஷம் ஆச்சு, இன்னும் யாரும் பாடவே இல்ல. என் ஃபைல்ல ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. குரல் வருவதே ஏறத்தாழ எட்டு நிமிடம் நாற்பது விநாடிக்குப் பிறகுதான். ஆல்பத்தின் முதல் பாட்டு இது என்பதால், இசைத்தட்டை வாங்கி வந்து ஊசியை வைத்தவர் யாராக இருந்தாலும் அவ்வளவு நேரம் காத்திருந்துதான் முதல் வார்த்தையைக் கேட்டிருப்பார்.

இதைச் சகித்துக்கொள்ள வேண்டிய நீளமாக நினைப்பவர்கள் நிறையப் பேர். என் எண்ணம் வேறு. இது இல்லாமல் போன ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. அவன் வருவானா என்று காத்திருப்பதுதான் பாட்டின் முதல் வேலை. குரல் வரும்போது அது அவனுடைய குரலாக இல்லை, அவனைக் கூப்பிடுகிற இன்னொருவருடைய குரலாக இருக்கிறது. அந்த எட்டு நிமிடத்தை ஓட்டிவிட்டு நேராகப் பாடும் இடத்துக்குப் போனால் மெட்டு கிடைக்கும், கூப்பிடுவதில் உள்ள ஏக்கம் கிடைக்காது. முதல் தடவையாவது முழுசாகக் கேளுங்கள்.

பாகம் ஒன்று முதல் ஐந்து வரைன்னு போட்டிருக்கே, எந்தப் பாகம் எங்க ஆரம்பிக்குது?

இந்தப் பாட்டு மொத்தம் ஒன்பது பாகம். முதல் ஐந்தும் ஆல்பத்தைத் திறக்கின்றன, சுமார் பதின்மூன்றரை நிமிடம். மீதி நான்கும் ஆல்பத்தை மூடுகின்றன, சுமார் பன்னிரண்டரை நிமிடம். நடுவில் மூன்று பாட்டுகள்.

முதல் பாகம் சத்தமே இல்லாததுபோல் மெல்ல மெல்லத் தலைகாட்டும் கீபோர்டு. ஒரே சுரத்தில் ஆதாரமாக நின்றுகொண்டிருக்க, அதன்மேல் மினிமூக் என்ற சிந்தசைசரும் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கீபோர்டு) அப்புறம் கில்மோரின் கிட்டாரும் பேசிக்கொள்ளும். மூன்றே முக்கால் நிமிடம் தாண்டிய பிறகு எல்லாம் அடங்கி, கிட்டாரில் தனியாக நான்கு சுரங்கள் வரும். அங்கே இரண்டாம் பாகம் தொடங்குகிறது. டிரம்ஸ் உள்ளே வருவதும் இதில்தான். மூன்றாம் பாகத்தில் ரைட்டின் சிந்தசைசர் முதலில், பிறகு கில்மோரின் இன்னொரு கிட்டார் ஆலாபனை. நான்காம் பாகம் பாடல். ஐந்தாம் பாகம் சாக்ஸபோன். எல்லைக்கோடுகள் துல்லியமாகக் காதுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கேட்கும்போது ஒரே ஓட்டமாகத்தான் இருக்கும்.

யாரைப் பத்தின பாட்டு இது? யாரோ செத்துப்போன நண்பர்னு சொன்னாங்க.

சிட் பாரெட்டைப் பற்றியது. பாட்டு வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 2006 ஜூலையில், அறுபதாவது வயதில்தான் இறந்தார்.

பிங்க் ஃப்ளாய்டின் முதல் முகம் அவர். 1967இல் வந்த முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' பெரும்பாலும் அவர் எழுதியது. அதே ஆண்டு 'சீ எமிலி ப்ளே' என்ற சிங்கிள் (தனித்தட்டாக வரும் ஒற்றைப் பாட்டு) பிரிட்டனில் பெரிய வெற்றி பெற்றது. அதற்குள் அவர் நிலை மாறத் தொடங்கிவிட்டது. எல்எஸ்டி போதைமருந்தும் மனநிலைச் சிக்கலும் சேர்ந்துகொண்டன என்பதுதான் கூட இருந்தவர்கள் பொதுவாகச் சொல்வது. மேடையில் வாசிக்காமல் நிற்பார், பேசினால் பதில் வராது. அவருக்குத் துணையாகக் கில்மோரைச் சேர்த்தார்கள். 1968 ஏப்ரலில் சிட் குழுவில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 1970இல் இரண்டு தனி ஆல்பங்கள் வந்தன. இரண்டின் தயாரிப்பிலும் கில்மோரின் கை உண்டு, முதலாவதில் வாட்டர்ஸுக்கும் பங்கு உண்டு. பிறகு சிட் இசையை விட்டுக் கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என்று ஒதுங்கிவிட்டார்.

இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிட், வாட்டர்ஸ், கில்மோர் மூவரும் கேம்பிரிட்ஜ் பையன்கள். சின்ன வயதிலேயே ஒருவரை ஒருவர் தெரியும். தொழிலில் கூட இருந்த ஒருவரை இழந்ததோடு ஊர்க்காரனையும் இழந்த பாரம் இந்தப் பாட்டில் இருக்கிறது.

அந்த நாலு சுரம் மனசைப் பிசையுதே, ஏன்? அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

1974 தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஓர் ஒத்திகை அறையில் புதுப் பாட்டுகளுக்காகக் கூடினார்கள். கில்மோர் கிட்டாரில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த நான்கு சுரங்கள் தற்செயலாக விழுந்தன. அவர் திட்டமிட்டுச் செய்ததல்ல. வாட்டர்ஸுக்கு அதைக் கேட்டதும் சிட் ஞாபகம் வந்தது, அதிலிருந்து வரிகள் பிறந்தன. இந்த வரிசையைத்தான் ரசிகர்கள் 'சிட்டின் தீம்' என்று சொல்கிறார்கள்.

சுரங்கள் பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. பாட்டு ஜி மைனரில் இருக்கிறது. நம் காதுக்குப் பழகிய மொழியில் சொன்னால், ஜியைச் சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், சட்ஜம், சதுஸ்ருதி தைவதம். மைனர் என்றால் அந்தக் கடைசி இடத்தில் காது எதிர்பார்ப்பது ஒரு படி கீழே உள்ள சுத்த தைவதத்தை, அதாவது ஈ ஃபிளாட்டை. கில்மோர் அதைத் தராமல் மேலே உள்ளதைத் தருகிறார். சோகத்துக்குள் திடீரென்று ஒரு ஜன்னல் திறந்ததுபோல் இருக்கும், ஆனால் முடிந்ததுபோல் இருக்காது. சட்ஜத்தில் வந்து நிற்காமல் தைவதத்தில் தொங்குகிறது, பாருங்கள். பதில் வராத கேள்வியாக அது ஒலிப்பதற்குக் காரணம் அதுதான். கரகரப்பிரியா கேட்டுப் பழகியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

வாசிக்கும் விதமும் முக்கியம். கடைசி இரண்டு சுரங்களையும் அழுத்தாத திறந்த தந்தியில் மீட்டி, நான்கையும் ஒன்றின்மேல் ஒன்று ஒலிக்க விட்டுவிடுகிறார். அதனால்தான் நான்கு சுரமும் தனித்தனியாகவும் கேட்கிறது, ஒரே கார்டாகவும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டமாகவும், கேட்கிறது. கிட்டார் பழகுகிறவர்கள் விரலைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள், அங்கே கெட்டுப்போகும்.

ஆரம்பத்துல கண்ணாடி மாதிரி ஒரு ஒலி கேக்குது, அது என்ன கருவி?

நிஜமாகவே கண்ணாடிதான். ஒயின் கோப்பைகளின் விளிம்பில் ஈர விரலைச் சுற்றினால் நீண்ட கார்வை எழும். ஜலதரங்கம்போலத் தட்டி எழுப்புவதல்ல, தேய்த்து எழுப்புவது. 1973 இறுதியில், வாத்தியமே இல்லாமல் வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று இவர்கள் முயன்றார்கள். ரப்பர் பேண்ட், கோப்பைகள் என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கைவிட்டார்கள். அதில் தேறிய கோப்பை ஒலிப்பதிவுதான் இந்தப் பாட்டின் தொடக்கத்தில் சிந்தசைசர்களோடு கலந்திருக்கிறது. அந்தக் கோப்பைப் பதிவு தனியாகவும் 2011 மறுவெளியீட்டில் வந்திருக்கிறது.

அதோடு ரைட் வாசித்த ஹேமண்ட் ஆர்கன், வயலின் கூட்டம்போல ஒலிக்கும் ஆர்ப் ஸ்ட்ரிங் சிந்தசைசர், மினிமூக் எல்லாம் சேர்கின்றன. இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கில்மோரையும் வாட்டர்ஸையும் சொல்லிவிட்டு ரைட்டை விட்டுவிடுகிறார்கள். அது நியாயமே இல்லை. முதல் நான்கு நிமிடத்தின் காற்றும் வெளிச்சமும் அவர் போட்டது.

ஸ்டுடியோவுல ரொம்பக் கஷ்டப்பட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இவ்வளவு பெரிய குழுவுக்கு என்ன கஷ்டம்?

முதல் பதிலில் சொன்ன குழப்பம்தான். பணமும் புகழும் வந்துவிட்டன, எதற்காக வாசிக்கிறோம் என்பது மங்கிவிட்டது. உடம்பு ஸ்டுடியோவில், மனசு வேறெங்கோ என்கிற நிலை. மேசனின் திருமண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது, வாட்டர்ஸுக்கும் அப்படியே. ஒரு நாள் பூராவும் உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் எழுந்து போன நாட்கள் உண்டு.

போதாக்குறைக்கு ஒரு விபத்து. முந்தைய ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் தொடர மறுத்துவிட, பிரையன் ஹம்ஃப்ரீஸ் வந்தார். குழுவோடு முன்பே வேலை செய்தவர்தான், ஆனால் ஆபி ரோடு அவருக்குப் புதிது. மேசனும் வாட்டர்ஸும் மணிக்கணக்கில் வாசித்து முடித்த அடிப்படைத் தடம் முழுவதிலும் எதிரொலி சேர்ந்து பதிவாகிவிட்டது. பிரித்தெடுக்க வழியில்லை. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்கள். இந்தப் பாட்டின் தாள நடை எவ்வளவு மெதுவானது என்று யோசித்துப் பாருங்கள். வேகமான தாளத்தில் சிறு தடுமாற்றம் மறைந்துவிடும், இங்கே ஒவ்வொரு அடியும் வெட்டவெளியில் நிற்கிறது. களைத்துப்போன இரண்டு பேர் அதை மறுபடி அத்தனை நிதானமாக வாசித்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே பாட்டை ஏன் ரெண்டா வெட்டி முன்னாலயும் பின்னாலயும் வெச்சாங்க?

வாட்டர்ஸின் முடிவு. 1974 மேடைகளில் இதை ஒரே நீளப் பாட்டாகத்தான் வாசித்தார்கள். அப்போது இன்னும் இரண்டு புதுப் பாட்டுகளும் கையில் இருந்தன. மூன்றையும் சேர்த்தால் ஓர் ஆல்பம் ஆகிவிடும். கில்மோருக்கு அந்த வழி பிடித்திருந்தது. வாட்டர்ஸ் சம்மதிக்கவில்லை. சிட் இல்லாமல் போனது, இசைத் தொழிலின் இயந்திரத்தனம், தாங்களே ஒருவருக்கொருவர் இல்லாமல் போனது என எல்லாம் ஒரே பொருளில் சேர வேண்டும் என்றார். நீளப் பாட்டை இரண்டாக்கி நடுவில் புதிதாக மூன்று பாட்டுகளை வைக்கலாம் என்றார். வாக்கெடுப்பில் கில்மோர் தோற்றார். ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு பாட்டுகளும் மாறி வளர்ந்து 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று வந்தன.

யார் சொன்னது சரி என்று கேட்டால், வாட்டர்ஸ் என்றுதான் சொல்வேன். வெட்டியதால் என்ன ஆனது பாருங்கள். ஐந்தாம் பாகம் முடியும்போது சாக்ஸபோன் தேய்ந்து, ஒரு மோட்டார் ரீங்காரம் எழுந்து, அப்படியே 'வெல்கம் டு தி மெஷின்' பாட்டுக்குள் போகிறது. கூப்பிட்ட ஆள் வரவில்லை, இயந்திரம் வந்துவிட்டது. முழுப் பாட்டையும் இசைத்தட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் இந்த அர்த்தம் கிடைத்திருக்காது. கில்மோரே பிற்காலத்தில் தனக்குப் பிடித்த பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பம் இதுதான் என்று சொன்னார். ரைட்டும் அதையே சொன்னார்.

பாடுறது கில்மோர்தானே? பின்னால கேக்கற பெண் குரல், சாக்ஸபோன் எல்லாம் யாரு?

ஆல்பத்தில் முன்குரல் வாட்டர்ஸ். மேடைப் பதிவுகளைக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வரும், ஏனென்றால் வாட்டர்ஸ் விலகிய பிறகு இதை மேடையில் பாடியவர் கில்மோர். கொஞ்சம் இறுக்கமான, எட்டிப் பிடிக்கும் குரல் கேட்டால் வாட்டர்ஸ்.

பின்னணியில் வெனெட்டா ஃபீல்ட்ஸ், கார்லினா வில்லியம்ஸ் என்ற இரண்டு பாடகிகள். சாக்ஸபோன் டிக் பாரி, கில்மோரின் கேம்பிரிட்ஜ் கால நண்பர், முந்தைய ஆல்பத்திலும் வாசித்தவர். அவர் முதலில் கனமான பாரிடோன் சாக்ஸில் தொடங்கி, பிறகு அதைவிட மேல் சுருதியில் ஒலிக்கும் டெனர் சாக்ஸுக்கு மாறுவார். மாறும் இடத்தில் தாளம் துரித நடைக்குப் போனதுபோல் இருக்கும். தூரத்தில் நின்று பேசியவர் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டதுபோல் ஒரு பரபரப்பு அதில் உண்டு.

சிட் ஸ்டுடியோவுக்கு வந்த கோலத்தைப் பார்த்துட்டுத்தான் இந்தப் பாட்டை எழுதினாங்களாமே?

இல்லை. அதிகம் பரவியிருக்கும் தவறு இதுதான். இந்தப் பாட்டு 1974 ஜூனில் பிரான்ஸ் சுற்றுப்பயணத்திலேயே மேடை ஏறிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் பிரிட்டன் முழுக்க வாசித்தார்கள். சிட் ஆபி ரோட்டுக்கு வந்தது 1975 ஜூன் 5. அதாவது, பாட்டு உலகுக்குத் தெரிந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு.

நடந்தது இதுதான். அன்று இந்தப் பாட்டின் இறுதிக் கலவை வேலை, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றுசேர்க்கும் வேலை, ஓடிக்கொண்டிருந்தது. தலையையும் புருவத்தையும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஸ்டுடியோ ஊழியர் என்றே நினைத்தார்கள். சிட் என்று தெரிந்ததும் சிலர் அழுதுவிட்டார்கள். வாட்டர்ஸும் அழுதார் என்றே கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டியபோது கொஞ்சம் பழசாக ஒலிக்கிறது என்றாராம். அன்று எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன, ஆகவே வந்தது உண்மை. உரையாடல்களின் விவரம் மட்டும் ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு மாதிரி.

இந்த வரிசையைத் திருத்திச் சொல்வதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், வருகையால் பாட்டு பிறந்தது என்றால் அது ஓர் அதிர்ச்சிக்கு எழுதிய பதிலாகிவிடும். உண்மையில், ஆறாண்டுப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு, பார்க்காத ஒருவரை 'நீ' என்று அழைத்து எழுதியிருக்கிறார்கள். இளமையில் சூரியன்போல் இருந்தாயே, ஓவியனே, குழலூதுபவனே, திரும்பவும் ஒளிவிடு என்கிற அழைப்பு அது. குழலூதுபவன் என்பது மேலே சொன்ன முதல் ஆல்பத்தின் பெயரில் உள்ள 'பைப்பர்' என்ற சொல்லிலிருந்து வருவது. பார்த்த பிறகு எழுதியிருந்தால் அந்த வரிகளை எழுதும் தைரியம் அவர்களுக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வெளிவந்தப்போ விமர்சகர்கள் கிழிச்சிட்டாங்களாமே? இப்ப எல்லாரும் கொண்டாடறாங்களே?

ஆல்பம் வருவதற்கு முன்பே அடி விழுந்தது. 1974 நவம்பரில் லண்டன் வெம்ப்ளியில் வாசித்தபோது 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழில் நிக் கென்ட் கடுமையாக எழுதினார். குழு அக்கறையின்றிச் சோர்ந்துபோய் வாசிக்கிறது என்பது சாரம். கில்மோரின் அழுக்குத் தலைமுடியையும் விடவில்லை. புண்பட்டாலும், அதில் கொஞ்சம் உண்மை இருந்ததைக் குழுவினரே உணர்ந்தார்கள்.

ஆல்பம் வந்ததும் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் பென் எட்மண்ட்ஸ் இந்தப் பாட்டையே குறிவைத்தார். சிட்டைப் பற்றிய பாட்டை, வாட்டர்ஸின் மைத்துனருக்குப் பார்க்கிங் அபராதம் விழுந்ததைப் பற்றிப் பாடுகிற மாதிரி உணர்ச்சியில்லாமல் பாடுகிறார்கள் என்றார். 'மெலடி மேக்கர்' இதழும் கற்பனை வறட்சி என்றது. மறுபக்கம் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கவ் பாராட்டினார். முந்தைய ஆல்பம் எட்ட முயன்ற கம்பீரத்தை இது உண்மையாகவே எட்டியது என்பது அவர் கருத்து. கேட்பவர்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். ஆல்பத்தை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்தால் தேவைக்கு ஏற்பத் தட்டுகளை அச்சிட முடியவில்லை.

எட்மண்ட்ஸ் சொன்னதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. அவர் காதில் விழுந்த அந்தத் தட்டையான தன்மை நிஜம். வாட்டர்ஸ் கதறவில்லை, குரல் உடையவில்லை. நான் அதைக் குறையாகக் கேட்பதில்லை. பழகிய ஒருவரை இழந்து பல வருஷமான பிறகு பேசுகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், நிதானமாக, விவரம் சொல்கிற மாதிரி. அழவேண்டியதைக் கில்மோரின் கிட்டார் எட்டு நிமிடமாக அழுது முடித்துவிட்டது. பாடும்போது மறுபடியும் அழுதால் அது அதிகப்படி. எட்மண்ட்ஸ் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார் என்று எனக்குப் படுகிறது.

நண்பனோட சோகக் கதையை வெச்சுக் கோடி கோடியா சம்பாதிச்சிருக்காங்க. இது அஞ்சலியா, சுரண்டலா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்டவர்கள் உண்டு, கோபத்துக்கு இடமும் உண்டு. சிட்டை 1968இல் ஒரு நாள் வண்டியில் ஏற்றிக்கொள்ளாமல் போனவர்கள் இவர்கள்தான். அன்று இரவு சௌத்தாம்ப்டனில் கச்சேரி, போகிற வழியில் அவரை அழைத்துப் போக வேண்டியவர்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பேசி முடிவெடுக்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஆனால் அந்தக் குற்றவுணர்வை இவர்கள் ஒளிக்கவில்லை. பாட்டை நன்றாகக் கேளுங்கள். நாங்கள் உன்னைக் காப்பாற்ற முயன்றோம் என்று ஒரு வரியும் இல்லை. தங்களுக்காக வாதாடவே இல்லை. இன்னொன்று, கில்மோர் பல ஆண்டுகளாகச் சிட்டின் பாடல்களுக்கான உரிமைத்தொகை அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதைக் கவனித்துக்கொண்டார். பழைய பாடல்களை மறுவெளியீடுகளில் சேர்க்கச் செய்ததும் அதற்காகவே. என் பதில் இது: அவரிடம் நடந்துகொண்ட விதத்தில் தவறு இருந்தது, பாட்டில் தவறு இல்லை. முன்னதற்காகப் பின்னதைத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை.

சிட்டைப் பத்திப் பெரிசா எதுவும் தெரியாத எனக்கும் இது ஏன் என் கதை மாதிரி இருக்கு?

வாட்டர்ஸே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். பாட்டு சிட்டோடு நின்றுவிடுவதல்ல, வாழ்க்கையின் சோகத்தைத் தாங்க முடியாமல் முழுக்க உள்ளே ஒடுங்கிக்கொள்கிற எல்லோருக்கும் சிட் ஓர் அடையாளம் என்பது அவர் விளக்கம். பெயர் எங்கும் சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். 'நீ' மட்டும்தான். அந்த இடத்தில் கேட்பவர் தன் ஆளை வைத்துக்கொள்ளலாம். உயிரோடு இருந்தும் எட்ட முடியாமல் போன ஒருவர் பலர் வாழ்க்கையிலும் இருக்கிறார். செத்தவர்களுக்கு ஒப்பாரி உண்டு, இப்படிப் போனவர்களுக்குப் பாட எதுவும் இல்லை. இந்தப் பாட்டு அந்தக் குறையைத் தீர்க்கிறது.

சிட்டோட பழைய பாட்டு ஒண்ணு இதுக்குள்ள ஒளிஞ்சிருக்காமே, எங்க?

முதல் ஐந்து பாகங்களில் தேடாதீர்கள். ஆல்பத்தின் கடைசி, ஒன்பதாம் பாகம், ரைட் தனியாக எழுதியது. அது தேய்ந்து மறையும் இடத்தில் சிந்தசைசரில் 'சீ எமிலி ப்ளே'யின் மெட்டு சில விநாடிகள் வரும். சத்தத்தைக் கூட்டி வைத்தால் பிடிபடும். நான்காவது கேள்வியில் சொன்ன அதே 1967 சிங்கிள்.

சரி, எந்தப் பதிவைக் கேக்கறது? நாலஞ்சு இருக்கே.

முதலில் ஆல்பத்தில் உள்ளதை, ஆல்பத்தின் வரிசையிலேயே கேளுங்கள். காரணத்தை, பாட்டை ரெண்டாக வெட்டியது பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். அப்புறம் 1974 வெம்ப்ளி பதிவு. பிபிசி பதிவு செய்தது, 2011 மறுவெளியீட்டில் அதிகாரபூர்வமாக வந்தது. பாட்டு அப்போது வெட்டப்படாமல், இன்னும் கரடுமுரடாக இருக்கிறது. நிக் கென்ட் திட்டியது சரியா என்று நீங்களே கேட்டு முடிவு செய்யலாம்.

'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' (1988), 'பல்ஸ்' (1995) இரண்டு மேடை ஆல்பங்களும் இந்தப் பாட்டோடுதான் தொடங்குகின்றன. கில்மோர் குரல், சுத்தமான ஒலி. எனக்கு அவற்றில் வழவழப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் பல பேர் இதற்குள் நுழைந்த வாசல் 'பல்ஸ்'தான், அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2001இல் வந்த 'எக்கோஸ்' தொகுப்பில் ஒன்று முதல் ஏழு வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஐம்பதாம் ஆண்டையொட்டி 2025 டிசம்பரில் வந்த வெளியீட்டில் ஒன்பது பாகமும் ஒட்டிய புதுக் கலவை இருக்கிறது. கில்மோர் அன்றைக்கு விரும்பிய வடிவம் கிட்டத்தட்ட எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைக் கேட்கலாம். ஆல்பம் நன்றாகப் பழகிய பிறகு கேளுங்கள், இல்லையென்றால் எது எங்கே வெட்டப்பட்டது என்பதே தெரியாமல் போய்விடும்.